ஸரந்தீபை மறவாத துறைமுகம்



யவனர் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு நிமிர்வு வந்துவிடும். எனக்கும் வரும். உயர்தர வகுப்பு மாணவர்களுக்குச் சங்க இலக்கியம் கற்பிக்கையில், மிளகு மூடைகளும் முத்தும் ஏற்றிய கப்பல்கள் மேற்கே போன கதையை இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அக்கப்பல்களின் சரக்கு கடைசியாகப் போய்ச் சேர்ந்த நகரத்தை நேரிற் காணும் வாய்ப்பு, இந்துக் கல்லூரியொன்றின் தமிழாசிரியனுக்குக் கிட்டும் என்று நான் நினைத்ததில்லை. அண்மையில் அது கிட்டியது. பண்டைக் கடல் வாணிபம் பற்றிய கருத்தரங்கொன்றில் கட்டுரை படிப்பதற்காக எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குச் சென்றிருந்தேன். பயணச் சிரமங்களைச் சொல்லி நேயர்களை அலுப்பூட்ட விரும்பவில்லை. கொழும்பிலிருந்து புறப்பட்டு, வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் ஐந்து மணி நேரம் கதிரையில் இருந்தபடியே உறங்கி, மறுநாள் மாலை ஒரு கார்த்திகை மாதக் குளிரில் அந்நகரை அடைந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கி.மு. 331இல் மகா அலெக்சாந்தர் அமைத்த நகரம் இது. கரைக்கு எதிரே ஃபாரொஸ் என்றொரு சிறு தீவு இருந்தது. அந்தத் தீவையும் கரையையும் ஓர் அணையால் இணைத்தபோது, அணையின் இருபுறத்தும் இரண்டு துறைமுகங்கள் உருவாயின. காலப்போக்கில் மண் சேர்ந்து அணையே நிலமாகி, இன்று அதன் மேல் வீடுகளும் கடைத்தெருக்களும் நெருங்கி நிற்கின்றன. கிழக்குத் துறைமுகம் பிறை வடிவில் வளைந்து கிடக்கிறது. அதன் ஒரு முனையில்தான் உலக அதிசயங்களுள் ஒன்றான கலங்கரை விளக்கம், நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்து, கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் நின்றது. 14ஆம் நூற்றாண்டின் நிலநடுக்கங்கள் அதை வீழ்த்தின. வீழ்ந்த இடத்தில் 1477இல் சுல்தான் காயித்பே ஒரு கோட்டையைக் கட்டினார். விளக்கத்தின் கற்களும் அக்கோட்டைச் சுவரில் உள்ளன என்பர். கோட்டை வாயிலின் செந்நிறக் கருங்கல்லைத் தடவிப் பார்த்தேன். கடற்காற்றில் ஈரமாயிருந்தது.

என் கட்டுரையைப் பற்றி ஒரு சிறிது. வியன்னா நகரில் ஒரு பப்பைரஸ் ஏடு பாதுகாக்கப்படுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்குரியது. அதன் ஒரு பக்கத்தில் முசிறி வாணிபத்தோடு தொடர்புடைய கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் ஹெர்மப்போலன் என்ற கப்பல் கொண்டுவந்த சரக்கின் கணக்கு. செங்கடற் கரையில் இறக்கிய பொருள் ஒட்டகங்களில் பாலைவனத்தைக் கடந்து, நைல் நதி வழியே அலெக்சாந்திரியாவின் களஞ்சியத்துக்கு வந்து சேரவேண்டும். அங்கே நாலில் ஒரு பங்கு சுங்கம் இறுக்கவேண்டும். இந்த வழியைச் சொல்லி, செங்கடற் துறையான குசைர் அல் கதீமில் கிடைத்த பானையோட்டையும் குறிப்பிட்டேன். அதில் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்திருந்ததை அறிஞர் ஐராவதம் மகாதேவன் ‘பானை ஒறி’ என்று வாசித்தார். கயிற்றில் தொங்கவிடும் பானை. நம் பாட்டிமார் அடுப்படியில் தயிர்ச்சட்டியை வைத்த அதே உறிதான். இருபது நிமிடங்களுள் இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, என் பங்குக்குத் தமிழின் தொன்மையை நிலைநாட்டிவிட்ட நிறைவோடு இருக்கையில் அமர்ந்தேன்.

அந்த நிறைவு எப்படிக் குலைந்தது என்பதையே இன்று சொல்ல வந்தேன். அதற்கு முன், எந்த எண்ணத்தோடு அந்நகருக்குப் போனேன் என்பதையும் சொல்லவேண்டும்.

கருத்தரங்கு நடந்த இடம் புதிய அலெக்சாந்திரியா நூலகம். 2002ஆம் ஆண்டு ஒக்டோபரில் திறக்கப்பட்டது. 160 மீற்றர் விட்டமுள்ள ஒரு பெருவட்டம், உதிக்கும் சூரியனைப் போல, கடலை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. அதன் புறச்சுவர் முழுதும் அஸ்வான் கருங்கல். அக்கல்லில் உலகின் பல்வேறு எழுத்து முறைகளைச் சேர்ந்த எழுத்துகளைச் செதுக்கியுள்ளனர். உள்ளே ஒரே கூரையின் கீழ்ப் படிப்படியாக இறங்கும் வாசிப்பு மண்டபம். அங்கு நின்றபோது என் மனம் அந்த மண்டபத்தில் இருக்கவில்லை. 1981ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரிக்கப்பட்டபோது நான் கைக்குழந்தை. எங்கள் தலைமுறைக்கு அந்த நூலகம் முதலில் அறிமுகமானது கரிபிடித்த சுவராகத்தான். ஆகவே அலெக்சாந்திரியா என்றதும் எனக்குத் தோன்றியது ஒரே ஒரு சித்திரம்: ஒரு தீ, ஒரே இரவு, எல்லாம் சாம்பல்.

அந்தச் சித்திரம் பிழையென்பதை அங்கே கண்டுகொண்டேன். பண்டைய நூலகம் எந்த இடத்தில் நின்றது என்றே எவராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. அது ஒரே நாளில் எரிந்ததென்பதற்கும் சான்றில்லை. தொலமி மன்னர்கள் அதைப் பேராசையோடு வளர்த்தார்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிற் புத்தகம் இருந்தால் பறித்துப் பிரதி செய்து, மூலத்தைத் தாம் வைத்துக்கொண்டு பிரதியை உரியவனிடம் கொடுப்பார்களாம்! கி.மு. 145இல் எட்டாம் தொலமி, அரியணைச் சண்டையில் தனக்கு எதிராக நின்றவர்கள் என்று கருதி அறிஞர்களை நகரைவிட்டே துரத்தினான். ஹோமரின் பாடல்களைச் சொல்லுக்குச் சொல் ஒப்புநோக்கிப் பதிப்பித்த அரிஸ்தார்க்கஸ் சைப்பிரஸ் தீவுக்கு ஓடினார். கி.மு. 48இல் யூலியஸ் சீசர் துறைமுகத்திற் கப்பல்களுக்கு இட்ட தீ கரைக்கும் பரவியது. கி.பி. 391இல் செரப்பிஸ் கோயில் இடிக்கப்பட்டது. இவற்றுக்கிடையே நூற்றாண்டுக் கணக்கான பொருட்படுத்தாமை. பப்பைரஸ் நம் பனையோலையைப் போன்றது. பிரதி செய்ய ஆளில்லையென்றால் தீ வேண்டியதில்லை, காலமே போதும். சுவாமிநாதையரும் நமது சி. வை. தாமோதரம்பிள்ளையும் செல்லரித்த ஏடுகளோடு பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கலீபா உமர் நூல்களைக் குளியலறை அடுப்புகளுக்கு விறகாக்கினார் என்ற கதையை நம் பாடநூல்களிலும் ஒருகாலத்தில் வாசித்தோம். அரபுப் படை நகரைக் கைக்கொண்ட 642ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தே அக்கதை எழுத்திற் தலைகாட்டுகிறது. வரலாற்றறிஞர் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை.

எரிந்த புத்தகங்கள் பற்றிய பேச்சில் ஒன்றைச் சொல்லாமற் போக மனமில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபோர்ஸ்ரர் முதலாம் உலக யுத்த காலத்தில் செஞ்சிலுவைச் சங்கப் பணிக்காக இந்நகரில் இருந்தார். நகரின் வரலாறும் வழிகாட்டியுமாக அவர் எழுதிய நூல் 1922இல் இங்கேயே அச்சானது. சில காலத்தின் பின் வெளியீட்டாளரிடமிருந்து கடிதம் வந்தது: களஞ்சியத்தில் தீப்பிடித்துப் பிரதிகள் அழிந்தன, காப்புறுதிப் பணம் இத்துடன் வருகிறது. மேலும் சில வாரங்களின் பின் இன்னொரு கடிதம்: பிரதிகள் நிலவறையில் எரியாமற் கிடக்கக் கண்டோம், ஆனால் காப்புறுதிப் பணம் வாங்கிவிட்டபடியால் அவற்றை நாங்களே எரித்துவிட்டோம்! ஃபோர்ஸ்ரரே பின்பு எழுதிவைத்த செய்தி இது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நிற்க. தேநீர் இடைவேளையில் என்னைத் தேடி ஒரு முதியவர் வந்தார். நரைத்த மீசை, முழங்கையில் ஒட்டுத் தைத்த பழைய கோட்டு. நகரத்துப் பாடசாலையொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரபு இலக்கியம் கற்பித்து ஓய்வுபெற்றவர். முசிறியைப் பற்றியோ உறியைப் பற்றியோ கேட்கப்போகிறார் என்று ஆயத்தமானேன்.

“உஸ்தாத், நீங்கள் ஸரந்தீபிலிருந்தா வருகிறீர்கள்?” என்றார். உஸ்தாத் என்பது ஆசிரியரை அரபியர் மரியாதையாக விளிக்கும் சொல். ஸரந்தீப் என்பது நமது தீவுக்கு அவர்கள் வழங்கிய பழைய பெயர்.

ஆமென்றேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு செய்யுளைச் சொல்லத் தொடங்கினார். பொருள் விளங்கவில்லை. ஆனால் யாப்பு என்பது மொழி தெரியாதவனுக்கும் காதில் விழக்கூடியது. நம் பழம் புலவர் ஓதினாற் போன்ற ஒரு நடை. நடுவே ‘ஸரந்தீப்’ என்ற சொல் வந்தது. சொல்லி முடித்ததும், “பாரூதி” என்றார். நான் விழித்ததைக் கண்டு, “மஹ்மூத் ஸாமி அல் பாரூதி. உங்கள் நாட்டிற் பதினேழு வருடம் இருந்தவர். இந்தப் பாட்டு அங்கே பாடியது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் படிக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளும் படிப்பார்கள் தானே?” என்று கேட்டார்.

என்ன சொல்வது? ஒராபி பாஷாவைத் தெரியும், அவரோடு நாடு கடத்தப்பட்டவர்களில் ஒரு கவிஞரும் இருந்ததாக எங்கோ வாசித்த நினைவு, என்று தடுமாறினேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பானையோட்டை ஏந்திச் சென்ற தமிழாசிரியனுக்கு, நூற்றைம்பது ஆண்டுகூட ஆகாத ஒரு செய்தி தெரியாமற் போயிற்று. அவர் கோபிக்கவில்லை. “நாளைக் காலை வாருங்கள், உஸ்தாத். நகரத்தைக் காட்டுகிறேன். நீங்கள் தேடும் தீயை அல்ல, எங்களுக்குத் தெரிந்த தீயை” என்றார்.

மறுநாள் பூல் என்னும் அவித்த அவரை விதையும் ரொட்டியும் வாங்கித் தந்தபின், மன்ஷியா சதுக்கத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். நடுவே குதிரை மேல் முஹம்மது அலி பாஷாவின் சிலை. சுற்றிலும் நெரிசல், மலிவு உடுப்புக் கடைகள். “இந்தச் சிலையைத் தவிர மற்றவை எரிந்தன” என்றார்.

கதை கடனிலிருந்து தொடங்குகிறது. 2022ஆம் ஆண்டுக்குப் பின் இந்தச் சொல்லை நம் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முஹம்மது அலியின் பேரர் இஸ்மாயீல் காலத்தில் 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. மாளிகைகளும் இரயிற் பாதைகளும் எழுந்தன. கடனும் எழுந்தது. 1875இல் கால்வாயின் பங்குகளைப் பிரித்தானியா 4 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. மறு ஆண்டு நாட்டின் கடன் ஏறத்தாழ 90 மில்லியன் பவுண். கடன் கொடுத்த நாடுகள் எகிப்தின் திறைசேரியிலேயே தம் ஆட்களை அமர்த்தின. 1879இல் இஸ்மாயீல் நீக்கப்பட்டு அவர் மகன் தௌபீக் ஆட்சிக்கு வந்தார். படைச் செலவு குறைக்கப்பட்டது. எகிப்திய அதிகாரிகள் வெளியேற்றப்பட்டனர். துருக்கிய வழிவந்தோர் உயர்பதவிகளில் இருந்தனர். அப்போது எழுந்தவர்தான் அஹ்மத் ஒராபி. 1841இற் கிராமத்து வேளாண் குடும்பமொன்றிற் பிறந்து, அல் அஸ்ஹரிற் பயின்று, படையிற் கேணலானவர். 1881 செப்டெம்பரில் தன் படையோடு அரண்மனை முன் நின்று பாராளுமன்றம் கேட்டார். ‘எகிப்து எகிப்தியருக்கே’ என்பது அவ்வியக்கத்தின் குரல். 1882 பெப்ரவரியில் அமைந்த அரசில் ஒராபி யுத்த அமைச்சர். பிரதமர் யார் தெரியுமா? கவிஞர் பாரூதி.

1882 ஜூன் 11இல் அலெக்சாந்திரியாத் தெருவொன்றில் மால்ற்றாத் தீவினன் ஒருவனுக்கும் கழுதை ஓட்டும் எகிப்தியன் ஒருவனுக்கும் ஏற்பட்ட சச்சரவு கலவரமாயிற்று. ஐம்பது அளவிலான ஐரோப்பியரும், எவரும் சரியாக எண்ணாத எகிப்தியரும் இறந்தனர். கலவரத்தில் யார் முதலிற் கை நீட்டினார், யார் தூண்டினார் என்பது பற்றி இன்றும் ஒருமித்த கருத்தில்லை. கலவரம் கண்ட நாட்டவருக்கு இது புதிதன்று. துறைமுகத்துக்கு வெளியே பிரித்தானிய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் ஏற்கெனவே வந்து நின்றன. கோட்டைகளைப் பழுதுபார்க்கிறார்கள் என்ற காரணம் காட்டி அட்மிரல் சீமோர் இறுதி எச்சரிக்கை விடுத்தார். பிரெஞ்சுக் கப்பல்கள் விலகிப் போயின. ஜூலை 11 காலை ஏழு மணிக்கு எட்டு இரும்புக் கவசப் போர்க்கப்பல்கள் சுடத் தொடங்கின. முதல் வேட்டைச் சுட்ட கப்பலின் பெயர் ‘அலெக்சாந்திரா’! மாலை வரை, ஏறத்தாழப் பத்தரை மணி நேரம் அடி விழுந்தது. முதல் நாள் நான் தடவிப் பார்த்த காயித்பே கோட்டையும் நொறுங்கியது. இன்று நிற்பது பின்பு திருத்திக் கட்டியது. அடுத்த இரு நாள்கள் நகரின் நடுப்பகுதி எரிந்தது. எறிகணையால் மூண்ட தீயா, பின்வாங்கியோர் வைத்த தீயா என்பது இன்றுவரை வழக்காகவே கிடக்கிறது. தீர்ப்பு மட்டும் உடனே கிடைத்தது. ஓர் எகிப்திய அதிகாரி மறு ஆண்டு தூக்கிலிடப்பட்டார்.

“நகரத்து மக்கள், பெண்கள்கூட, பீரங்கி மேடைகளுக்கு வெடிமருந்து சுமந்தார்கள். என் பாட்டனாரின் தாயார் அப்போது சிறுமி, அவர் சொன்னதைப் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன்” என்றார் முதியவர். அந்தத் தீ எரித்த வீடுகளுள் ஒன்று கிரேக்கக் கவிஞர் கவாஃபியின் குடும்ப வீடு. 1863இல் இந்நகரிற் பிறந்த அவரைத் தாயார் குண்டுவீச்சுக்குச் சற்று முன்பே கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு அழைத்துப் போய்விட்டார். 1885இல் திரும்பி வந்தபோது வீடில்லை. இளமையில் எழுதிய தாள்களும் இல்லை. பின்பு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது ஆண்டு எழுதுவினைஞராக இருந்துகொண்டே, இருபதாம் நூற்றாண்டின் பெருங்கவிஞருள் ஒருவரானார். வாழ்ந்த காலத்தில் தம் கவிதைகளை முழுத் தொகுதியாக விற்பனைக்கு வெளியிடவில்லை. தனித்தாள்களாக அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார்.

1882 செப்டெம்பர் 13இல் தெல் எல் கெபீர்ச் சமரில் ஒராபி தோற்றார். மரண தண்டனை விதித்து, உடனே அதனை ஆயுட்கால நாடுகடத்தலாக மாற்றினார்கள். ஒராபி, பாரூதி உட்பட எழுவரும் குடும்பத்தவரும் பணியாளரும் சுயஸிற் கப்பலேறினர். அக்கப்பலின் பெயர் ‘மரியோத்திஸ்’. அலெக்சாந்திரியாவின் முதுகுப்புறம் கிடக்கும் ஏரியின் பெயரும் அதுவே. 1883 ஜனவரியில் அது கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது.

இதற்குப் பிந்திய கதை நமது கதை. அதை நமக்கே ஒரு எகிப்தியர் சொல்லவேண்டி வந்ததே என்பதுதான் என் வெட்கம். ஒராபி கொழும்பிலும் பின்பு கண்டியிலும் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரி தொடங்க ஊக்கம் தந்தவர்களுள் அவரும் ஒருவர். அவர் அணிந்த சிவந்த துருக்கித் தொப்பி இங்குள்ள முஸ்லிம்களின் தலையிலும் ஏறியது. எழுவரில் மூவர் இத்தீவிலேயே மண்ணாயினர்.

பாரூதி 1839இற் கெய்ரோவிற் பிறந்த போர்வீரர். வாளுக்கும் எழுதுகோலுக்கும் தலைவர் என்று அரபுலகம் அவரைச் சிறப்பிக்கிறது. பல நூற்றாண்டுகளாகச் சொல்லலங்காரத்திற் சிக்கிக் கிடந்த அரபுக் கவிதையை, பழம் பெரும் புலவர்களின் நேரிய நடைக்கு மீட்டு, புதுக் கவிதை மரபுக்கு வழி திறந்தவர் அவர் என்பர். அப்பாசியர் காலப் புலவர் முப்பதின்மரின் பாடல்களைத் தெரிந்து பெருந்தொகையொன்றும் ஆக்கினார். தொகை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அவர் மேல் தனிப் பாசம் ஏற்பட்டதை மறைப்பானேன்? அவர் இங்கிருந்த நாளிற் பிறந்த மண்ணிலே மனைவி இறந்தார். கடிதம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த மனைவிக்காக அவர் பாடிய கையறுநிலை அரபு இலக்கியத்திற் புகழ்பெற்றது. நண்பர்களும் ஒவ்வொருவராக இறந்தனர். பார்வையும் போயிற்று. 1899இல் அந்த நிலையில் நாடு திரும்பி 1904இற் காலமானார். நாட்டைப் பிரிந்த கவிஞன் பாடிய அந்தப் பாடல்கள் கொழும்பிலும் கண்டியிலும் பிறந்தவை. அவற்றின் தமிழ் வடிவம் என் கண்ணிற் பட்டதில்லை.

ஒராபிக்கு வாய்த்தது வேறு விதம். 1901இல் அவர் திரும்பியபோது நாடு ஆங்கிலேயரின் பிடியில். இந்த ஆளே அன்னியரை வரவழைத்தவன் என்று இளந்தலைமுறை தூற்றியது. அஹ்மத் ஷௌக்கி என்ற பெருங்கவிஞர் அவரை எள்ளிப் பாட்டே எழுதினார். அதே ஷௌக்கியை முதலாம் யுத்த காலத்தில் ஆங்கிலேயர் ஸ்பெயினுக்கு நாடுகடத்த, அவரும் தாய்நாட்டை எண்ணி உருகிப் பாடினார். ஒராபி 1911இற் கெய்ரோவில் மறைந்தார். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1956 ஜூலை 26இல், எரிந்த அதே மன்ஷியா சதுக்கத்தில் நின்று நாஸர் சுயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கியதை அறிவித்தார். முதியவர் அதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு வெற்றி இருந்தது. உடனே, “அதற்குப் பின்னும் கடன் வாங்கினோம், உஸ்தாத்” என்று சிரித்தார்.

அன்றிரவு அறைக்குத் திரும்பியதும் வேறொன்று மனதிற் தைத்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எது என்பது பரீட்சையில் ஒற்றைச் சொல்லில் விடை எழுதும் வினா. கண்டியிற் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 1885இல் எழுதிய ‘அசன்பேயுடைய கதை’ என்று ஆண்டுதோறும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதன் நாயகன் எகிப்திற் பிறந்தவன். குழந்தையிலே கடத்தப்பட்டு இந்தியாவில் வளர்ந்து மீண்டும் எகிப்தை அடைகிறான். தமிழிலே நாவல் பிறந்து ஆறே ஆண்டு. கண்டியில் வாழ்ந்த ஒருவர் எதற்காக எகிப்தில் ஒரு நாயகனைத் தேடினார் என்று நான் கேட்டதில்லை. என் மாணவரும் கேட்டதில்லை. சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய சில வாரங்களுள் ஒராபியின் கப்பல் கொழும்பை அடைந்தது. இருவரும் பழகினர், கல்விப் பணியில் இணைந்தனர். நாவலுக்கு இதுவே காரணமென்று அறுதியிட்டுச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆனால் தமிழ் உரைநடை புதுவழி தேடிய அதே ஆண்டுகளில், அதே தீவில், அரபுக் கவிதையைப் புதுக்கிய ஒருவரும் வாழ்ந்தார் என்பது வகுப்பறைக்கு உரிய செய்தி. இரு மொழிகளும் ஒரே ஊரிற் குடியிருந்தும் நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தோம்?

கடைசி நாள் முதியவர் நூலக வாசல் வரை வந்தார். 2011 ஜனவரிக் கிளர்ச்சியின்போது நகரத்திற் பொலிஸ் நிலையங்கள் எரிந்துகொண்டிருக்க, இளைஞர்கள் கைகோத்து இந்தக் கட்டிடத்தைச் சுற்றி வளையமாக நின்றார்களாம். தன் பழைய மாணவர் சிலரும் அதில் நின்றனர் என்று அவர்கள் நின்ற இடத்தைக் காட்டினார். கண்ணாடிகூட உடையவில்லை என்றார். எங்கள் நூலகத்தைப் பற்றி அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, எத்தனை புத்தகம் என்று கேட்டார். சொன்னேன். எண்ணைத் தம் மொழியில் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

பிரியும்போது ஓர் உதவி கேட்டார். “பாரூதி கண்டியிற் பத்து வருடம் இருந்தார். அந்தத் தனிமையை முப்பது வருடம் படிப்பித்தேன்; இடத்தைக் கண்டதில்லை. அங்கே வீட்டு வாசலில் என்ன மரம் நிற்கும், மாலையில் என்ன சத்தம் கேட்கும் என்று மாணவர்கள் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்து எழுதுவீர்களா?”

மார்கழி விடுமுறையிற் கண்டிக்குப் போனேன். பாரூதி இருந்த வீடு இதுவென்று காட்ட எவருமில்லை. ஒராபி வாழ்ந்த வீடு ஹல்லொலுவ வீதியில் உள்ளது. அவர் இங்கு வந்ததன் நூற்றாண்டான 1983இல் அது நினைவகமாக்கப்பட்டது. பூவரசும் பலாவும் நிற்கும் சரிவில், மழைக்கு ஒரு கடையோரம் ஒதுங்கி, குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். மாலை ஆறு மணிக்குத் தலதா மாளிகைப் பக்கமிருந்து முரசொலி. அதனோடு பள்ளிவாசலின் பாங்கு. மரங்களில் வௌவால்கள் கிளம்பின. தகரக் கூரையில் மழை.

எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதினேன். கூடவே ‘அசன்பேயுடைய கதை’யின் சுருக்கத்தையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். மூன்று வாரங்களில் மறுமொழி வந்தது. கண்டியிற் பாரூதி பாடிய பாடல்கள் நான்கை அரபு எழுத்தில் அழகாகப் பிரதி செய்து, ஒவ்வொரு அடியின் கீழும் ஆங்கிலத்திற் பொருள் எழுதியிருந்தார். ஸாஹிராவிற் படித்த மௌலவி நண்பர் ஒருவரோடு சனிக்கிழமைகளில் இருந்து அவற்றைத் தமிழாக்கி வருகிறோம். முதற் பாட்டில் ஐந்தாம் அடிவரை வந்திருக்கிறோம். அந்த அடியில் வரும் ஒரு மரத்தின் பெயருக்குத் தமிழ்ச் சொல் என்னவென்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.